சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

எழுதுகிறவரே, உங்களோடுதான் பேசுகிறேன். ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ, கீரனூரிலோ விராலிமலையிலோ, பகல் முழுக்க ஒரு வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து எழுதுகிற உங்களோடு. வாரம் ஒன்று எழுதுவேன் என்று உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுத்துக்கொண்டீர்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவில்லை. ஆனாலும் வாக்குத் தவறாமல் எழுதினீர்கள். இப்போது கொஞ்ச நாளாகக் கை ஓடவில்லை. முதல் பத்தியை எழுதுகிறீர்கள், அடிக்கிறீர்கள். போன வருஷம் சொன்னதையே இப்போது வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் சரிதான். அப்படியும் விடாப்பிடியாக எழுதி, உங்களுக்கே பிடிக்காத ஒன்றை வெளியே அனுப்பிவிட்டுத் தூக்கம் வராமல் புரள்கிறீர்கள்.

நிறுத்துங்கள். கொஞ்ச காலம் நிறுத்துங்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு, நாலு பேருக்குச் சொல்லிவிட்டு, திரும்பி வரும் தேதியையும் குறித்துவிட்டு நிறுத்துங்கள்.

"தன்னம்பிக்கை என்றால் விடாமுயற்சி ஆயிற்றே, நிறுத்தச் சொல்கிறீர்களே?" என்று கேட்பீர்கள். மேடைக்கு மேடை நமக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஓடு, ஓடு, நின்றால் தோற்றாய்! இந்தப் பேச்சை நான் எதிர்க்கிறேன். நிற்கவே பயப்படுகிறவனுடைய ஓட்டத்தில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? பயம்தான் இருக்கிறது. நின்றால் மறந்துவிடுவார்கள் என்ற பயம். நின்றால் எழுத்து திரும்ப வராது என்ற பயம். நின்றால் ஊர் சிரிக்கும் என்ற பயம். பயந்து ஓடுகிறவனை உழைப்பாளி என்று தட்டிக்கொடுத்துக் கெடுத்தது போதும்.

புதுக்கோட்டைக்காரருக்கு இதைச் சொல்ல நான் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. லயத்துக்குப் பேர்போன ஊர் இது. கஞ்சிராவைக் கச்சேரி மேடை ஏற்றிய மான்பூண்டியா பிள்ளை இந்த ஊர்க்காரர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தவர், 1875இல் பிறந்து 1936இல் மறைந்தவர். புதுக்கோட்டை பாணி என்றே ஒரு வாசிப்பு முறை அவர்களால் நிலைத்தது. அந்த வாசிப்பின் அடியில் ஓடுவது கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு சின்னத் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆதி தாளம். 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக 32 மாத்திரை. "த தீ த தி கி ண தோம்" என்று ஒரு சொற்கட்டு. தீயை இரண்டு மாத்திரைக்கு நீட்டினால் மொத்தம் 8 மாத்திரை. வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானமாக இதை மூன்று முறை சொல்ல வேண்டும். மூவெட்டு இருபத்துநாலு. இடைவிடாமல் சொல்லித் தீர்த்தால் தாளம் முடிய 8 மாத்திரை பாக்கி நிற்கும். தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழாது, அந்தரத்தில் தொங்கும். எனவே முதல் சொற்கட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 4 மாத்திரை, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 4 மாத்திரை கார்வை என்கிற இடைவெளி விடுகிறார்கள். 24ம் 8ம் சேர்ந்து 32. தாளம் சமத்துக்கு வரும் அந்த நொடியில் தீர்மானம் வந்து உட்காருகிறது, சபை "ஆகா" என்கிறது. அந்தக் கார்வையில் கை சும்மா இருக்கிறது. ஆனால் மனம் எண்ணிக்கொண்டே இருக்கிறது. கார்வையை முழுங்கிவிட்டு அடுத்த அடியை அவசரமாக அடிக்கிறவனை வித்வான் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பாடகர் ராகம் பாடும் நேரம் முழுக்க மிருதங்கக்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல்தான் இருப்பார். பெரிய ராகமாக இருந்தால் அரைமணி நேரம்கூட இருப்பார். "வாசிக்க மறந்துவிட்டாரோ" என்று எந்த ரசிகனாவது கவலைப்பட்டதுண்டா? அவருக்கே அந்தக் கவலை உண்டா? தன் கை மேல் அவருக்கு இருக்கிற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை உங்கள் எழுத்தின் மேல் உங்களுக்கு ஏன் வரவில்லை?

திரும்ப வருமா என்ற பயத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். இதற்கும் இந்த மாவட்டமே பதில் வைத்திருக்கிறது.

1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்தறிவுப் பணியோடு சைக்கிளும் சேர்ந்து வந்தது. விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், கிராமத்துச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியைகள், அறிவொளித் தொண்டர்களாகச் சேர்ந்த இளம்பெண்கள் என்று எல்லாரும் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதிய அளவு கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். கேலி பேசிய வாய்கள் எத்தனையோ இருந்தன. விழுந்து எழுந்து, முழங்கை தேய்ந்து, தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டி, பிள்ளையை முன்னால் உட்காரவைத்து ஓட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, உலகமே படித்தது. 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் சைக்கிள் கற்ற பெண்மணி ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பார். கல்யாணம், பிள்ளைப்பேறு, பிறகு வாசலுக்கு வந்துவிட்ட மினி பஸ், மகன் வாங்கிய மோட்டார் சைக்கிள் என்று வருஷக்கணக்கில் அவர் சைக்கிளைத் தொட்டிருக்கமாட்டார். பேரனுடைய சைக்கிளைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். முதல் பத்தடி ஹேண்டில் ஆடும். அப்புறம் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். உடம்பு கற்றதை உடம்பு விடுவதில்லை.

ஆனால் அதே அறிவொளி இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொடுத்தது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் உங்களுக்குப் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன். புதிதாக எழுத்துக் கற்றவர்கள் வாசிக்க எதுவும் கிடைக்காமல் விட்டுவிட்டால், கற்ற எழுத்து மெல்ல மெல்ல நழுவிப்போகிறது. கையெழுத்துப் போட்டவர் மறுபடியும் மைப்பெட்டியைத் தேடுகிறார். அதனால்தான் எழுத்தறிவு இயக்கம் நடந்த மாவட்டங்களில் அதன் பின்னாலேயே தொடர்கல்வித் திட்டம் வந்தது. ஊருக்குள் படிப்பகம், பெரிய எழுத்தில் சின்னப் புத்தகங்கள், செய்தித்தாளைக் கூட்டாக உட்கார்ந்து வாசிப்பது என்று ஏற்பாடு செய்தார்கள்.

ஒரே மாவட்டம், ஒரே இயக்கம், அதே பெண்கள். சைக்கிள் நிலைத்தது, எழுத்து நழுவியது. எழுதுகிற ஒவ்வொருவரும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாக்கியம் அமைக்கிற கை, ஒரு சம்பவத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்கிற சாமர்த்தியம், உங்களுக்கென்று அமைந்துவிட்ட ஒரு குரல், இவையெல்லாம் சைக்கிள் மாதிரி. வருஷங்கள் கழித்து வந்தாலும் முதல் பத்தடி ஆடிவிட்டு நிமிர்ந்துவிடும். ஆனால் பார்க்கிற கண், வாசிக்கிற பழக்கம், சந்தையில் யாரோ சொன்ன ஒரு சொல்லை "அட!" என்று பிடித்துவைத்துக்கொள்கிற காது, இவை அந்த எழுத்து மாதிரி. புழங்காவிட்டால் போய்விடும். ஆகவே வெளியே அனுப்புவதை நிறுத்துங்கள், வாசிப்பதை நிறுத்தாதீர்கள். மேடையிலிருந்து இறங்குங்கள், சபையில் உட்காருங்கள். எழுத்தைக் கைவிடுவதற்கும் எழுத்துக்கு ஓய்வு கொடுப்பதற்கும் நடுவே இருக்கிற கோடு இதுதான். இந்தக் கோட்டைத் தாண்டாதவரை உங்கள் எழுத்துக்கு ஒரு குறையும் வராது.

ஓய்வில் இருக்கிறபோது ஒருநாள் திருக்கோகர்ணம் பக்கம் ஞானாலயாவுக்குப் போய்வாருங்கள். தமிழின் முதல் பதிப்புகளையும் பழைய சிற்றிதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிற நூலகம் அது. தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ அதைத் தேடி வருகிறார்கள். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, "வாராவாரம் எழுத வேண்டியிருக்கு, போக நேரமில்லை" என்று சொன்னீர்களே, இப்போது நேரம் கிடைத்திருக்கிறதே!

மறந்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். மறக்கட்டுமே! மறந்தவர்கள் திரும்ப வந்து படிக்கவில்லையா என்ன?

சுந்தர ராமசாமி 1966இல் 'ஒரு புளியமரத்தின் கதை'யைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பேர் கிடைத்த நேரம். அடுத்தடுத்து எழுதித் தள்ள வேண்டிய நேரம் என்று நம்முடைய ஆலோசகர்கள் சொல்லியிருப்பார்கள். அவர் என்ன செய்தார்? ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகள் எழுத்துப் பக்கமே வரவில்லை. நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1970களின் தொடக்கத்தில் திரும்பி வந்தபோது பழைய ஆளாக வரவில்லை. கவிதையும் வேறு, கதையும் வேறு. 1975இல் 'நடுநிசி நாய்கள்' கவிதைத் தொகுப்பு, 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவல். அந்த மௌனம் இல்லாமல் அந்த நாவல் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மௌனத்துக்கு முன் எழுதிய வேகத்திலேயே போயிருந்தால் முன்பு எழுதியதைப் போலவே நல்ல கதைகள் இன்னும் சில கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

ந. பிச்சமூர்த்தியையும் நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொடிக் காலத்தில் கவிதையில் புதுத்தடம் போட்டவர், பிறகு நெடுங்காலம் கவிதையை விட்டு ஒதுங்கியிருந்தார். அறநிலையத் துறையில் கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்தார். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியதும் பிச்சமூர்த்தி மறுபடி கவிதைக்கு வந்தார். தமிழ்ப் புதுக்கவிதை அந்தப் பத்திரிகையில்தான் இயக்கமாக எழுந்தது. இளைஞர்கள் அவரை முன்னோடியாக வைத்துத் தொடர்ந்தார்கள். செல்லப்பா மட்டும் என்ன? 'எழுத்து' 1970இல் நின்றது. மனிதர் நிற்கவில்லை. எண்பதைத் தாண்டிய வயதில் 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலைத் தானே அச்சிட்டுக் கொண்டுவந்தார். அவர் மறைந்த பிறகு 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது.

இதெல்லாம் பெரியவர்களுக்குச் சரி, போட்டி மிகுந்த இன்றைய காலத்துக்குச் சரிப்படுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். சரி, போட்டியே உயிராக இருக்கிற இடத்துக்குப் போவோம். சிமோன் பைல்ஸ், அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் குழுப் போட்டியின் இறுதிச் சுற்று. ஒரே ஒரு வால்ட் தாண்டினார். காற்றில் சுழலும்போது தன் உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நிலையில் தொடர்ந்தால் கழுத்து முறியலாம். உலகம் பார்த்துக்கொண்டிருக்க, விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு விலகினார். கோழை என்றார்கள், தேசத்தைக் கைவிட்டாள் என்றார்கள். டோக்கியோவுக்குப் பிறகு இரண்டு வருஷம் போட்டியே இல்லை. 2023 ஆகஸ்டில் திரும்பினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. கோழை என்ற வாய்கள் அதற்குப் பிறகு எதைச் சொல்லும்? விலகுகிறேன் என்று அந்த அரங்கத்தில் சொல்லத் தேவைப்பட்ட துணிச்சல், பதக்கம் வாங்கத் தேவைப்பட்டதைவிடப் பெரியது என்றுதான் நான் சொல்வேன்.

இங்கே பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை நான் பேசியது தானாக முடிவெடுத்து நிற்கிறவர்களைப் பற்றி. எழுதுகிற பெண்களில் பலருக்கு அந்தச் சலுகைகூட இல்லை. கல்யாணம் நிறுத்துகிறது, பிரசவம் நிறுத்துகிறது, மாமியார் உடம்புக்கு முடியாமல் படுத்தால் அது நிறுத்துகிறது, பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நிறுத்துகிறது. அடுத்தவர் நிறுத்திய நிறுத்தத்துக்கெல்லாம் அவள் தன்னையே நொந்துகொள்கிறாள், "எனக்கு எழுத்தெல்லாம் வராது போல" என்று. அம்மா, உங்களுக்கு வராமல் இல்லை. உங்களை விடவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. பள்ளி நின்றதே தவிரப் படிப்பு நிற்கவில்லை. அப்பா நாராயணசாமி வீட்டிலேயே படிக்க ஏற்பாடு செய்தார். வீட்டுக்குள் இருந்தபடியே 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார், சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர் பட்டம். பிறகு சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, ஔவை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அவர் செய்ததை எல்லாம் ஊர் அறியும். பள்ளிக்கூடக் கதவு மூடிய அந்த வருஷங்களில் புத்தகத்தை மூடாமல் வைத்திருந்ததால்தான் பின்னால் எல்லாமே நடந்தது. உங்களை நிறுத்தியவர்களைத் திட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் ஒரு புத்தகம் தலையணைக்கு அடியில் இருக்கட்டும்.

இனி கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதைக் கேட்டு, "ஆகா, ஓய்வுதான் நல்லது" என்று சோம்பேறித்தனத்துக்குப் பட்டுச் சட்டை போடுகிறவர்களும் இருப்பார்கள். உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது. களைத்தவனுக்கு எழுத்தின் மேல் கோபம் இருக்கும், ஏக்கமும் இருக்கும். நல்ல கட்டுரை ஒன்றைப் படித்தால் வயிறு எரியும். சோம்பேறிக்கு எரியாது. அவனுக்கு எழுத்தாளன் என்ற பேர் இருந்தால் போதும். உங்களுக்கு வயிறு எரிகிறதா? அப்படியென்றால் நீங்கள் களைத்திருக்கிறீர்கள், தாராளமாக ஓய்வெடுங்கள். எரியவில்லையா? இன்று இரவே உட்கார்ந்து எழுதுங்கள், உங்களுக்கு ஓய்வு தேவையில்லை.

இன்னொன்று. சொல்லாமல் கொள்ளாமல் நழுவாதீர்கள். "இந்த வாரம் முடியவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போடுவது ஓய்வு ஆகாது. அதில் எழுத்தும் நடக்காது, இளைப்பாறலும் நடக்காது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்குவதுதான் நடக்கும். இப்படி மாதக்கணக்கில் தன்னைத் தானே அவமானப்படுத்திக்கொண்ட ஒருவனிடம் தன்னம்பிக்கை எப்படி மிஞ்சும்? நண்பரை டீக்கடைக்குக் கூப்பிட்டு, "மூணு மாசத்துக்கு எழுதப்போறதில்லை. தை பொறந்ததும் வர்றேன்" என்று ஒரே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சொன்ன நொடியில் தோளிலிருந்து மூட்டை இறங்கும். கூடவே ஒரு பொறுப்பும் ஏறும், சொல்லிவிட்டோமே என்று. அந்தப் பொறுப்புதான் உங்களைத் திரும்பக் கூட்டிவரும்.

தேதி கட்டாயம் வேண்டும். "மனம் வரும்போது வருகிறேன்" என்பதெல்லாம் வேலைக்காகாது. மனம் தானாக வராது, அதைக் கூட்டிவர வேண்டும். தேதி வந்த அன்று முதலில் எழுதுகிற பக்கம் மோசமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். சைக்கிளின் முதல் பத்தடி அது. அதை யாருக்கும் காட்டாதீர்கள், கிழிக்கவும் கிழிக்காதீர்கள். மறுநாள் அடுத்த பக்கத்தை எழுதுங்கள். நிறுத்துவதற்கு முன்னால் எழுதிய மாதிரியே எழுத முயலாதீர்கள். இடையில் நீங்கள் பார்த்ததும் படித்ததும் பட்டதும் உங்களை மாற்றியிருக்கும். மாறிய ஆளாகவே எழுதுங்கள்.

ஊர் சிரிக்குமே என்ற பயத்துக்கு நான் பதில் சொல்லவே இல்லை. சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதத் தொடங்கியபோதும் சிரித்த ஊர்தானே அது? அப்போது அதைக் கேட்டா தொடங்கினீர்கள்?

இன்றைக்கே ஒரு தாளை எடுங்கள். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எழுதமாட்டேன் என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். படிக்க வேண்டிய புத்தகங்கள் ஐந்தாறின் பெயரை அதன் அடியில் குறியுங்கள். வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு மனசாரத் தூங்குங்கள். குறித்த நாளில் உங்களை யாரும் வந்து கூப்பிடமாட்டார்கள். அந்தத் தாளை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்காருங்கள்.